மாநிலக் கோப்பையை வென்ற பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியைப் பத்தாம் வகுப்புக்காகக் கலைத்துவிடலாமா?

கேள்வி: மர்பி டவுன் தாய், பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். என் மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணி, பள்ளிகளுக்கிடையிலான தேசியக் கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பைக்கான கர்நாடக மாநிலச் சுற்றில் சென்ற வாரம் முதலிடம் பெற்றது. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது, விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிலும் மாணவியரைக் கொண்ட வலுவான அணி. முதல் பாதியிலேயே கார்னரிலிருந்து வந்த பந்தில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளைக்குப் பிறகு, நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணைப் பயிற்றுநர் வலது ஓரத்திற்கு மாற்றியதும் ஆட்டம் திரும்பியது. அவள் எல்லைக்கோட்டை ஒட்டிக் கொண்டுசென்று குறுக்கே அடித்த பந்தை, அணியிலேயே உயரம் குறைந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தலையால் முட்டிச் சமன்செய்தாள். டை-பிரேக்கரில் எங்கள் கோல்கீப்பர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தாள். இடது பின்களத்தில் ஆடும் என் மகளும் தன் பெனால்டியைக் கோலாக்கினாள்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அடுக்ககங்களில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தையற்கடை வைத்திருப்பவர்கள். பள்ளிக்குச் சொந்த மைதானம் கிடையாது. விடியற்காலையில், கிரிக்கெட் ஆட வருபவர்கள் இடம்பிடிப்பதற்கு முன், மாநகராட்சி மைதானத்தில் பயிற்சியை முடித்துக்கொண்டு அங்கிருந்தே பள்ளிக்கு ஓடுவார்கள். அப்படிப்பட்ட அணி மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கோப்பை வந்த மறுநாளே பேச்சு வேறு விதமாகத் திரும்பிவிட்டது. முதல் பதினொருவரில் ஆறு பேர் பத்தாம் வகுப்பு. தேசியச் சுற்றுக்கு டெல்லி போக வேண்டும் என்றதும், அந்த ஆறு பேரில் மூவருடைய பெற்றோர், எஸ்.எஸ்.எல்.சி. ஆண்டில் இனி விளையாட்டு வேண்டாம், மாநிலக் கோப்பையோடு போதும் என்று தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டார்கள். மற்றப் பெற்றோரும் ஊசலாடுகிறார்கள். வரும் சனிக்கிழமை கூட்டம் நடத்தி, பெரும்பான்மையோர் விரும்பினால் மட்டுமே அணியை அனுப்புவது என்று பள்ளி தீர்மானித்திருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்த அணியைக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயினும் மற்றப் பெற்றோரிடம் உணர்ச்சியை மட்டும் வைத்துப் பேச நான் விரும்பவில்லை. தேசியச் சுற்றுக்குப் போவதால் படிப்பு உண்மையில் எவ்வளவு பாதிக்கப்படும்? மாநில அளவில் வென்ற சான்றிதழே பிற்காலத்திற்குப் போதுமா, அல்லது அதற்கு மேல் ஆடினால்தான் பயன் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அரையிறுதியில் எங்கள் முன்களப் பெண் ஒருத்தி யாரும் மோதாமலே, ஓடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டி பிசகி விழுந்தாள். உள்ளே ஏதோ ‘டப்’ என்று கேட்டதாகச் சொன்னாள், இரவுக்குள் வீங்கிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், டெல்லிக்கு முன் சரியாகிவிடும் என்கிறார்கள். இதை நம்பலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், அல்சூர்

சகோதரி, முதலில் உங்கள் மகளுக்கும் அணிக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். விடுதி அணியை எதிர்த்து, ஒரு கோல் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வெல்வது அதிர்ஷ்டத்தால் நடப்பதன்று. அந்தப் பயிற்றுநருக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்திருக்கிறது.

கூட்டத்தில் நீங்கள் முதலில் விளக்க வேண்டியது, சுப்ரதோ கோப்பையின் தன்மை. இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக அமர்ந்த முதல் இந்தியரான ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜியின் பெயரால், 1960ஆம் ஆண்டிலிருந்து விமானப்படை நடத்திவரும் பள்ளிகளுக்கிடையிலான போட்டி இது. மாநிலத்தில் வென்ற பள்ளி எதுவோ அந்தப் பள்ளியே, அதே பிள்ளைகளோடு, தேசியச் சுற்றில் ஆடும். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகள் அப்படியல்ல. அங்கே பல பள்ளிகளிலிருந்தும் திறமையானவர்களைப் பொறுக்கி ஒரு மாநில அணி அமைப்பார்கள்; உங்கள் அணியிலிருந்து ஒருவரோ இருவரோ எடுக்கப்படலாம், எவரும் எடுக்கப்படாமலும் போகலாம். ஒன்றாக வளர்ந்த ஓர் அணி ஒன்றாகவே நாட்டின் முன் நின்று ஆடும் வாய்ப்பு சுப்ரதோவில்தான் உண்டு. அடுத்த ஆண்டு இந்த ஆறு பேரும் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இதை ஒத்திப்போடவும் இயலாது.

இனி தேர்வைப் பற்றி. அண்மை ஆண்டுகளில் தேசியச் சுற்று ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நடந்திருக்கிறது. ஒரு பிரிவுக்கான ஆட்டங்கள் ஏறக்குறைய பத்து நாளில் முடிந்துவிடும். குழுச் சுற்றோடு வெளியேறினால் அதற்கும் குறைவு. எஸ்.எஸ்.எல்.சி. முதல் தேர்வு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வருகிறது. இடையில் ஆறு மாதம் இருக்கிறது. அதுவும் அல்லாமல், 2024 முதல் கர்நாடகத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, கிடைத்ததில் சிறந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. நாங்கள் பணியில் இருந்த காலத்தில், மார்ச்சில் சறுக்கினால் ஓராண்டே போய்விடுமோ என்று பெற்றோர் நடுங்கியதற்குக் காரணம் இருந்தது. இன்று அந்த அச்சம் பெருமளவு தணிந்திருக்க வேண்டும்.

நான் கண்ட இன்னோர் உண்மையையும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்திலிருந்து நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் பலர், அதனால் மிஞ்சிய நேரத்தைப் படிப்பில் செலவிட்டதில்லை. விடியலில் எழும் பழக்கம் முதலில் போகும்; பிறகு தூக்கம் கெடும்; பசி மாறும்; தோழியர் கூட்டமும் கலைந்துபோகும். மைதானத்தில் தன்னை நிரூபித்த பெண்ணுக்கு வகுப்பறையிலும் நிமிர்ந்து உட்காரும் தெம்பு இருக்கும். அதை ஜூலையில் பறித்துவிட்டு மார்ச்சில் நல்ல மதிப்பெண்ணை எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பள்ளியிடம், விடுபடும் நாட்களுக்குரிய கணிதம், அறிவியல் பாடங்களை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். அணியோடு செல்லும் ஆசிரியைகளில் ஒருவர் இந்தப் பாடங்களில் ஒன்றை நடத்துபவராக இருக்கட்டும். ஆட்டமில்லாத நாட்களின் மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் போதும். திரும்பி வந்த பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்குத் தனி வகுப்பு வைப்பதாகத் தலைமை ஆசிரியை கூட்டத்திலேயே வாக்களித்தால், பாதிப் பெற்றோர் அங்கேயே மனம் மாறுவார்கள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டீர்கள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு, பள்ளி அளவிலான தகுதியாக விதிகள் சொல்வது, மாநிலப் பள்ளிகள் அணியின் சார்பில் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும் என்பதே. மாநிலத்துக்குள் வென்ற சான்றிதழ் மட்டும் அங்கே செல்லாது. சுப்ரதோ தேசியச் சுற்றில் நன்றாக ஆடும் பெண்ணை மாநிலத் தேர்வாளர்கள் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள். அந்த வழியாகப் பள்ளிகள் அணிக்குள் நுழைந்தால் சான்றிதழுக்கு முழு மதிப்பு வந்துவிடும். ஆகவே, மாநிலக் கோப்பையோடு நிறுத்திக்கொள்வது என்பது, படியேறி வாசற்படிக்கு முன் திரும்புவதைப் போன்றது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வயது தொடர்பான ஆவணங்களை இப்போதே சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் பிறந்த தேதியும் ஓரெழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நம் தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வருவதுதான் இங்கே அதிகத் தொல்லை தருவது. இளையோர் போட்டிகளில் மணிக்கட்டைப் படமெடுத்து எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனையும் உண்டு; பிள்ளைகள் அதைக் கண்டு கலங்காதபடி முன்பே விளக்கிவிடுங்கள்.


பதில்: கௌதமபுரத்துப் பெரியவர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அல்சூர், கௌதமபுரம், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் ஆகிய இந்தத் தண்டு (கண்டோன்மென்ட்) பகுதித் தெருக்களில் கால்பந்து எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து இருக்கிறது. வெள்ளைக்காரப் படைகளின் பாளையத்தைச் சுற்றி வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்து, வெறுங்காலோடு ஆடக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலை வைத்திருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 1-2 என்று தோற்றோம் என்பதைப் பெரியவர்கள் வருத்தத்தோடு சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அதே அணியில் கோல்காத்த வரதராஜும், பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடிய அகமது கானும் இந்த ஊர்க்காரர்களே. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியிலிருந்த அருமைநாயகமும், எழுபதுகளில் கொல்கத்தாவில் மோகன் பகான் கிளப்புக்கு ஆடிய உலகநாதனும் இங்கிருந்து போனவர்கள்தாம். மாநில அணிகளுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநிலமாக இருந்தபோது 1968-69இல் வென்ற நாம், மறுபடி வெல்ல 2023 மார்ச்சு வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், காத்திருந்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை ஆட விட்டதற்குக் கால்பந்தின் மேலிருந்த பற்று மட்டும் காரணமில்லை. தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., விமானம் செய்யும் எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகளும் படைப்பிரிவுகளும் நல்ல ஆட்டக்காரனைத் தேடி வந்து வேலை கொடுத்தன. ஐ.டி.ஐ. அணி 1977இல் கிளப் அணிகளுக்கான முதல் பெடரேஷன் கோப்பையையே வென்றது. பந்து உதைத்த கால்தான் எங்கள் தெருவில் பல குடும்பங்களுக்குக் குவார்ட்டர்ஸும் ஓய்வூதியமும் வாங்கித் தந்தது. பின்னால் அந்தத் தொழிற்சாலை அணிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. அதனால்தான் இன்றைய பெற்றோர், பந்து சோறு போடாது என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை மறுத்துப் பேசாதீர்கள்.

ஆனால் எங்கள் காலத்தில் அந்த வாசல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து சித்ரா கங்காதரன் போன்றவர்கள் இந்திய அணிக்கு ஆடினார்கள். 1980இலும் 1983இலும் ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. இருந்தும் அந்தப் பெண்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையில் கால்வாசிகூட ஊர் கொடுக்கவில்லை. இன்று நிலைமை மெல்ல மாறுகிறது. தமிழ்நாட்டின் இந்துமதி கதிரேசன் காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே இந்தியாவுக்காக நடுக்களத்தில் ஆடியவர். இந்தியப் பெண்கள் லீக்கில் நம் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் அணி 2022-23இல் இறுதி ஆட்டம் வரை சென்றது. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி, இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். உங்கள் பிள்ளைகள் ஆட வந்திருப்பது இப்படிப்பட்ட நேரத்தில். எங்கள் பேட்டைப் பெண்கள் டெல்லியில் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் கிழவனின் ஆசை.


பதில்: ஒரு தந்தை, லிங்கராஜபுரம்

மேலே எழுதிய பெரியவர்கள் இருவரையும் மதிக்கிறேன். எனினும் மறுக்கும் பெற்றோரின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். என் மூத்த மகளும் பள்ளி அணிக்கு ஆடியவள். ஒருமுறை வெளிமாநிலப் போட்டிக்குச் சென்றபோது, பெண் ஆசிரியை எவரும் உடன் வரவில்லை. தங்கிய கூடத்தில் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரவு உணவு கிடைக்காமல் பிஸ்கட் தின்று படுத்தார்கள். திரும்பி வந்த மகள் அதைச் சொன்னபோது, அவளுடைய அம்மா இனி அனுப்பமாட்டேன் என்று முடிவெடுத்தாள். நாங்கள் வெளியில் சொன்ன காரணம் தேர்வு.

எனவே, ‘படிப்பு’ என்று சொல்லும் மூவரிடமும் தனித்தனியே, முடிந்தால் தாய்மார்களிடம், அமைதியாகப் பேசிப் பாருங்கள். எத்தனை பெண்கள் துணைக்குப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், மாதவிடாய் நாட்களில் என்ன ஏற்பாடு, யாருடைய கைப்பேசிக்கு எந்நேரமும் அழைக்கலாம், செலவு யார் பொறுப்பு ஆகிய கேள்விகளுக்குப் பள்ளி எழுத்தில் பதில் தரவேண்டும். தினக்கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு ஜோடி ஸ்டட்ஸ் (கால்பந்துக் காலணி) வாங்குவதே பெரிய செலவு. டெல்லிப் பயணத்திற்கு என்று பள்ளி பணம் கேட்டுவிடுமோ என்ற அச்சத்தை யாரும் கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்கள். பெரும்பான்மை வாக்கெடுப்பு என்பதே இங்கே தவறான வழி என்று நான் கருதுகிறேன். கையைத் தூக்கச் சொன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் தூக்குவார்கள்.


பதில்: இயன்முறை மருத்துவர், ஃப்ரேசர் டவுன்

மற்றவற்றை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பெண்ணின் முட்டியைப் பற்றி உடனே எழுத வேண்டியிருக்கிறது.

யாரும் மோதாமல், ஓட்டத்தில் திரும்பும்போது முட்டி பிசகுவது, உள்ளே ‘டப்’ என்ற உணர்வு, சில மணி நேரத்தில் வீக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால், முட்டியின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்திருக்கலாம் என்றுதான் முதலில் ஐயுற வேண்டும். கட்டுப் போட்டால் வீக்கம் வடியும், வலி குறையும், இரண்டு மூன்று வாரத்தில் அவள் நேராக நடக்கவும் செய்வாள். அதைக் கண்டு குணமாகிவிட்டது என்று களத்தில் இறக்கினால், முதல் திருப்பத்திலேயே முட்டி மறுபடி நழுவி, உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டும் கிழியக்கூடும். எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவர் கையால் முட்டியை அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார், உறுதிப்படுத்த எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. ஆகவே ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்பதை வைத்து அனுப்பிவிடாதீர்கள். சோதனை முடியும்வரை அவள் ஓடக்கூடாது. அறுந்திருப்பது உறுதியாகி அறுவை செய்துகொண்டால், களத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் காத்திருப்பதே பாதுகாப்பு. அதற்கு முன் திரும்பியவர்களுக்கு மீண்டும் அடிபடும் வாய்ப்பு மிகவும் கூடுதலாக இருந்திருக்கிறது. டெல்லிக்கு அவளை ஆட்டக்காரியாக எண்ணாதீர்கள். அணியோடு அழைத்துச் செல்லுங்கள். பெஞ்சில் அமர்ந்து தோழிகளைப் பார்ப்பது அவளுடைய உரிமை.

வளரும் வயதுப் பெண்களுக்கு இந்தக் காயம் அதே ஆட்டத்தை ஆடும் ஆண் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அதைக் குறைக்க வழி இருக்கிறது. ஃபிஃபாவின் ‘11+’ என்ற வார்ம்-அப் முறையில் பதினைந்து பயிற்சிகள் உண்டு: மெதுவான ஓட்டம், பின்பு தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான வலுப்பயிற்சியும் ஒற்றைக்காலில் நிற்பதும் குதித்து இறங்குவதும், கடைசியில் வேகமான ஓட்டம். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம். பந்து தவிர வேறு கருவி வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பயிற்றுநர் ஒன்றை மட்டும் விடாமல் கவனிக்க வேண்டும்: குதித்து இறங்கும்போது முட்டிகள் உள்பக்கமாகச் சாயக்கூடாது, முட்டியும் பாதமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும்.

இரும்புச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனெனில் மைதானத்தில் ‘இவளுக்குத் தம் இல்லை’ என்று ஒதுக்கப்படும் பெண்களில் பலருக்கு உண்மையான குறை இதுவே. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அணியில் உள்ள எல்லாருக்கும் இப்போதே ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே இருப்பவர்களை மருத்துவரிடம் காட்டி மாத்திரை தொடங்குங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஈரல், கடலை ஆகியவை உணவில் வரட்டும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

டெல்லியின் ஆகஸ்டு வெயிலும் புழுக்கமும் பெங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். அவ்வளவு நாள் முன்னதாகப் போக இயலாது என்பதால், இங்கேயே சில நாட்கள் பயிற்சியை நண்பகலுக்கு மாற்றி, படிப்படியாக நேரத்தைக் கூட்டுங்கள். தண்ணீரோடு உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு கையில் இருக்கட்டும்.


மறுமொழி: மர்பி டவுன் தாய்

எல்லாருக்கும் என் நன்றி. முட்டியைப் பற்றிய பதிலைப் படித்தவுடன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவளுடைய அப்பா தயங்கினாலும், நாளை எலும்பு மூட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவைப் பழைய மாணவியர் சங்கத்திடம் கேட்கலாம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

லிங்கராஜபுரத்து அண்ணன் சொன்னபடி, மறுத்த மூவரில் இருவருடைய அம்மாக்களைத் தனியாகப் பார்த்தேன். ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, கூட வரும் ஆசிரியைகள் எத்தனை பேர் என்பதுதான். இன்னொருவருக்கு உண்மையிலேயே படிப்புக் கவலைதான். அவருடைய மகள் கணிதத்தில் பின்தங்கியிருக்கிறாள். ஆசிரியர் ஐயா சொன்ன தேர்வு முறை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டதும் யோசிக்கிறேன் என்றார். வாக்கெடுப்பு வேண்டாம், ஒவ்வொரு குடும்பமும் எழுத்தில் விருப்பம் தெரிவிக்கட்டும் என்று பள்ளியிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரு சந்தேகம். பள்ளி இப்போது அணிக்கு ஒரே சான்றிதழைத்தான் சட்டமிட்டு மாட்டி வைத்திருக்கிறது. பிள்ளைகள் கையில் எதுவும் இல்லை. இது போதுமா? போகும்போது இரயிலிலேயே அழைத்துச் செல்லப் போவதாகவும் சொல்கிறார்கள். அதனால் ஆட்டம் பாதிக்குமா?


பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், அல்சூர்

போதாது, சகோதரி. ஒவ்வொரு மாணவியின் பெயரிலும், பிறந்த தேதி, போட்டியின் பெயர், பிரிவு, நடந்த இடமும் தேதியும், பெற்ற இடம் ஆகியவற்றோடு, போட்டியை நடத்தியவர்களின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள தனிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்து களமிறங்காத பெண்களுக்கும் அது வேண்டும். நாளை எவரேனும் பள்ளிகள் மாநில அணிக்குத் தேர்வாகித் தேசியப் போட்டியில் ஆடினால், வேலைக்கான படிவத்தில் பள்ளிக் கல்வி இயக்குநரகத்தில் விளையாட்டுப் பொறுப்பு வகிக்கும் அதிகாரியின் கையெழுத்து தேவைப்படும். பல ஆண்டுகள் கழித்து அதைத் தேடி அலைவது பெரும்பாடு. அந்த ஆண்டே வாங்கிவிட வேண்டும்.

இரயிலைப் பொறுத்தவரை, கர்நாடகா எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு இரவுகள் வண்டியிலேயே கழியும். முதல் ஆட்டத்துக்குக் குறைந்தது இரண்டு முழு நாட்கள் முன்னதாக டெல்லி சேரும்படி பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். இறங்கிய அன்று மெதுவான ஓட்டத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். பெண்கள் எல்லாரும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டுமானால், பெயர்ப் பட்டியலோடு இந்த வாரமே முன்பதிவு செய்துவிட வேண்டும். முட்டி அடிபட்ட பெண்ணுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.